அடிக்கு ஓர் அங்குலம்

பத்தடி இடைவெளிக்குப் பத்து அங்குலம். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். இரு தூண்களுக்கு நடுவே எத்தனை அடி தூரமோ, அவற்றின்மேல் அமரும் கான்கிரீட் உத்தரத்திற்கு அத்தனை அங்குல உயரம். கட்டடத் தொழிலில் இருப்போர் இதனை ‘அடிக்கு ஓர் அங்குலம்’ என்பார்கள். போபாலில் கேட்டாலும் கோவையில் கேட்டாலும் அனுபவமுள்ள மேஸ்திரி இதே கணக்கைத்தான் சொல்வார். மொழி மட்டும் மாறும். தாளும் சூத்திரமும் இன்றி, பலர் பல காலம் செய்துபார்த்துத் தேறிய இத்தகைய அளவுகளை இக்கட்டுரையில் கைக்கணக்கு என்று குறிப்பிடுகிறோம்.

வீட்டுக்கடன் விண்ணப்பங்களோடு வங்கிக்கு வரும் வரைபடங்களையும் செலவு மதிப்பீடுகளையும் பார்வையிடும் பொறியாளர்கள் நாங்கள். வெவ்வேறு மாநிலங்களில் பணியாற்றியவர்கள்; ஆயினும் ஒன்றில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. கைக்கணக்கு நல்லது. ஆனால் நம் நாட்டில் வீடு கட்டுவோர் அதனைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். கையில் பென்சில் இருக்கும்போது, அழித்து எழுதச் செலவே இல்லாத நேரத்தில், அது எவர் நினைவுக்கும் வருவதில்லை. குழி தோண்டிக் கம்பி கட்டிய பிறகு, சிறு சறுக்கலும் இலட்சங்களில் முடியும் நேரத்தில், பொறியாளரின் கணக்கு இருக்கவேண்டிய இடத்தில் கைக்கணக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பென்சில் கையில் இருக்கும்போது

சில மாதங்களுக்கு முன் ஒரு கணவனும் மனைவியும் 1,400 சதுர அடி வீட்டுக்கான வரைபடத்துடன் வந்தனர். இருவரும் பணியில் இருப்பவர்கள், இரண்டு பிள்ளைகள், உடன் வயதான தாயார். “இந்த 1,400 எப்படி வந்தது?” என்று கேட்டோம். “பக்கத்து வீடு 1,400 சார்” என்றார் கணவர். மனைவி சிரித்துவிட்டார். அவ்வளவுதான் காரணம் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

ஒரு தாளை எடுத்து, அவர்களுக்கு வேண்டிய அறைகளை அவர்களையே சொல்லச் சொன்னோம். கூடம் 12க்கு 16, அதாவது 192 சதுர அடி. படுக்கையறைகள் இரண்டு, 11க்கு 12, ஆக 264. சமையலறை 8க்கு 10, எண்பது. குளியலறைகள் இரண்டும் சேர்ந்து எண்பது. பூசைக்கு 20. மாடிப்படிக்கு 7க்கு 13, ஏறத்தாழ 91. கூட்டினால் 727. இதனோடு சுவர்களும் நடைபாதையும் கொள்ளும் இடத்தைச் சேர்க்க வேண்டும். அதற்கான கைக்கணக்கு, அறைகளின் கூட்டுத்தொகையை 1.3ஆல் பெருக்குவது. விடை 945. சுவருக்கு இத்தனை இடமா என்று ஐயுறுவோர் ஒன்பது அங்குல வெளிச்சுவரின் சுற்றளவையும் நாலரை அங்குல உட்சுவர்களின் நீளத்தையும் ஒரு முறை பெருக்கிப் பார்க்கலாம். இந்த அளவு வீட்டில் 120 சதுர அடி போலச் சுவர்களே விழுங்கிவிடும்.

ஆக, அவர்கள் வாயால் சொன்ன வீடு ஏறத்தாழ 950 சதுர அடி. வரைபடத்தில் இருந்தது 1,400. நடுவே நின்ற 450 சதுர அடியில் நீளமான ஒரு நடைபாதையும், கூடத்தை ஒட்டி விருந்தினருக்கென ஒரு வரவேற்பறையும், அதற்கொரு தனிக் குளியலறையும் இருந்தன. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டால் (இந்த விலை ஊருக்கு ஊர், மாதத்திற்கு மாதம் மாறும்) அந்த 450 சதுர அடிக்கு 9 இலட்சம். எட்டரை விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனாக ஓர் இலட்சத்திற்கு மாதத் தவணை 868 ரூபாய். ஒன்பது இலட்சத்திற்கு 7,812. இருபது ஆண்டுகளில் கட்டி முடிக்கும் தொகை 18 இலட்சத்து 75 ஆயிரத்தைத் தொடும்.

அந்த வரவேற்பறை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விருந்தினர் அடிக்கடி வரும் வீடாக இருக்கலாம். அது அவர்கள் முடிவு. ஆனால் மாதம் 7,812 ரூபாய் கொடுத்து வாங்கும் பொருள் எது என்பதை ஒருவர் அறிந்து வாங்க வேண்டுமா, அறியாமல் வாங்க வேண்டுமா என்பதே கேள்வி. இந்தக் கணக்கைப் போட எங்களுக்கு ஆன நேரம் கால் மணி. எவரும் போடலாம். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 இலட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கடனில் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரை வங்கி தரலாம் என்பது பலருக்கும் தெரிந்திருக்கிறது. கட்டுமானச் செலவு மதிப்பீட்டைத் தாண்டினால் அந்தக் கூடுதல் முழுதும் முதலில் தம் கையிலிருந்தே போகும் என்பது பாதி வீடு எழும்பிய பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. அதன் பிறகு நகைக்கடன், அதன் பிறகு தனிநபர் கடன். இந்த வரிசையை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

அதே வரைபடத்தில் மாடிப்படிக்கு 6க்கு 9 என்று இடம் விடப்பட்டிருந்தது. வரைந்தவர் பார்வைக்கு அழகாகவே வரைந்திருந்தார். தளத்திலிருந்து தளத்திற்குப் பத்தடி உயரம், அதாவது 120 அங்குலம். ஏறும் உயரம் ஏழு அங்குலத்தைத் தாண்டலாகாது என்றால் 18 படிகள் வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறே முக்கால் அங்குலம். மிதிக்கும் அகலம் 10 அங்குலம். இரண்டு பகுதிகளாகப் பிரித்து நடுவே மூன்றடித் திருப்பம் வைத்தால் நீளம் மட்டும் பத்தடியை நெருங்கும். மேலேறி நிற்க இன்னொரு மூன்றடி. ஆறுக்கு ஒன்பதில் இதனை அடைத்தால் ஒவ்வொரு படியும் எட்டங்குலத்திற்கு மேல் உயரும். தேசியக் கட்டட நெறிமுறைத் தொகுப்பு குடியிருப்புகளுக்கு அனுமதிக்கும் உச்ச உயரம் 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலம். அந்தத் தாயாருக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும், துணி உலர்த்த மாடிக்குப் போவது அவர்தான் என்பதையும் மருமகள் சொன்னார்.

எங்கிருந்து வந்த கணக்கு

மாடிப்படிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஏறும் உயரத்தின் இரு மடங்கோடு மிதிக்கும் அகலத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 24 அங்குலம் வரவேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா பிளாண்டல் எழுதிவைத்தது இது. மூன்றரை நூற்றாண்டுகள் கழிந்தும், பிரான்சுக்கும் நமக்கும் இடையே கடல்கள் கிடந்தும், இன்றைக்கும் இது செல்லுபடியாகிறது. காரணம் எளிது. இந்தக் கணக்கு பிறந்தது மனிதனின் நடையிலிருந்து. கால்களின் நீளம் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை. சமையல் மேடையின் உயரம், கதவின் அகலம், கட்டிலைச் சுற்றி விடவேண்டிய இடம் ஆகியவையும் இத்தகையவை. உடலிலிருந்து பிறந்த கணக்கை எந்த ஊருக்கும் எடுத்துச் செல்லலாம்.

‘அடிக்கு ஓர் அங்குலம்’ உடலிலிருந்து பிறந்ததன்று. கான்கிரீட் என்னும் பொருளிலிருந்து பிறந்தது. உத்தரங்கள் கண்ணுக்குத் தெரியும்படி தொய்யாதிருக்க, இருமுனையும் சுவரில் அமர்ந்த உத்தரத்தின் பயனுறு உயரம் நீளத்தில் இருபதில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்பது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர நெறிமுறை தொடக்க நிலைக்குத் தரும் அளவு. மேஸ்திரியின் கணக்கோ பன்னிரண்டில் ஒரு பங்கு கேட்கிறது. நெறிமுறையை விட மேஸ்திரி தாராளமாகவே இருக்கிறார்; உத்தரத்தின்மேல் சுவரும் வரும் என்பதை அவர் கண்டிருக்கிறார். வழக்கமான வீட்டில், வழக்கமான அறைகளில், வழக்கமான பாரத்தில் இது பிழைபோகாது. எங்களில் எவரும் முதல் வரைபடம் போடும்போது இந்தக் கணக்கைத்தான் போடுகிறோம். அந்த ‘வழக்கமான’ என்ற சொல் மாறும் இடத்தில் கணக்கும் மாறியாக வேண்டும்.

இவ்விரண்டிலும் சேராத கணக்குகள் மண்ணையும் வானத்தையும் சார்ந்தவை. இவற்றை ஊர் விட்டு ஊர் எடுத்துச் செல்லவே கூடாது. சன்னலையே பாருங்கள். அறையின் தரைப்பரப்பில் எத்தனையில் ஒரு பங்கு காற்றுவழி வேண்டும் என்று தேசியக் கட்டட நெறிமுறைத் தொகுப்பு தட்பவெப்பத்தை வைத்தே சொல்கிறது: வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு, ஈர வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கு, இரண்டுக்கும் இடைப்பட்டதற்கு எட்டில் ஒரு பங்கு, குளிர்ப் பகுதிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. 120 சதுர அடி அறைக்குச் சிம்லாவில் 10 சதுர அடி திறப்பு போதும், ஜோத்பூரில் 12, கொச்சியில் 20. ஜோத்பூரில் நல்ல வீடு கட்டிய ஒருவர் அதே வரைபடத்தைக் கொச்சிக்குக் கொண்டுபோனால், வெப்பத்தைத் தடுத்த அதே சிறு சன்னல்கள் அங்கே புழுக்கத்தை அடைத்து வைத்துக்கொள்ளும்.

மண் அறியாத கணக்கு

சன்னல் சிறுத்தால் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம். கடைக்காலில் பிழை நேர்ந்தால் சமாளிக்க வழியில்லை. மைய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று நாகபுரியின் புறநகரில் மனை வாங்கிய தமிழர் ஒருவரின் வீட்டை எங்களில் ஒருவர் பார்க்க நேர்ந்தது. கட்டி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. சன்னல் மூலைகளிலிருந்து சுவர்களில் சாய்வாக வெடிப்புகள் ஓடின. கோடையில் அவை விரலை நுழைக்கும் அளவுக்கு விரியும். மழைக்காலத்தில் கோடுபோல் சுருங்கும். ஆனால் அப்போது கதவுகள் சிக்கிக்கொள்ளும். பூச்சு வேலையில் குறை என்று கருதி இரண்டு முறை சிமெண்டு பூசி வண்ணமும் அடித்திருந்தார். இரண்டு முறையும் அடுத்த கோடையில் வெடிப்பு அதே இடத்தில் திரும்பி வந்தது.

அவருடைய மேஸ்திரி நேர்மையானவர், தொழில் தெரிந்தவர். ஆற்றோர மணற்பாங்கான ஊர்களில் பல வீடுகளை எழுப்பியவர். அங்கே கடைக்காலுக்கு நாலடி ஆழம் போதும். போதும் என்பதற்கு அவர் கட்டிய வீடுகளே சாட்சி. அந்த நாலடியைத்தான் நாகபுரிக்கும் கொண்டுவந்தார். நாகபுரியில் இருப்பது கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவர்களுக்கு அதன் குணம் சொல்லத் தேவையில்லை: வெயிலில் பாளம் பாளமாகப் பிளக்கும், மழையில் நீரைக் குடித்து உப்பும். ஆண்டுதோறும் சுருங்கியும் உப்பியும் அசைகின்ற மேல்மண்ணில் நாலடியில் அமர்ந்த கடைக்கால், மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டின் ஒரு மூலை தோட்டத்துக் குழாயருகே ஈரத்தில், எதிர்மூலை வெயிலில். சுவர் கிழியாமல் என்ன செய்யும்?

இதற்கான தீர்வு புதியதன்று. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே அடியில் குடம்போல் விரிந்த கான்கிரீட் தூண்களை நம் நாட்டில் வளர்த்தெடுத்துப் பல்லாண்டுகள் ஆகின்றன. மண் அசையும் ஆழத்தைக் கடந்து, பொதுவாக மூன்றரை மீட்டர் அளவில், அந்தக் குடம் போய் நங்கூரம்போல் அமரும். மேல்மண் எப்படி உப்பினாலும் வீடு அசையாது. மனையில் ஓரிரு குழி தோண்டி மண்ணைச் சோதித்திருந்தால் இது முதலிலேயே தெரிந்திருக்கும். சோதனைக்கு ஆகும் கட்டணம் அவர் இரண்டாம் முறை அடித்த வண்ணத்தின் செலவை விடக் குறைவு என்று அவரே கணக்குப் பார்த்துச் சொன்னார். சொல்லும்போது குரலில் கோபம் இல்லை. அதுதான் எங்கள் நண்பருக்கு வருத்தமாக இருந்தது.

மண் என்ன தாங்கும் என்பது தெரிந்தால் கைக்கணக்கே எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். வீட்டின் ஒவ்வொரு தளமும், சுவர்களும் புழங்கும் மனிதர்களும் உட்பட, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 டன் பாரம் தரும் என்பது நாங்கள் முதற்கணக்கில் கொள்ளும் அளவு. பதினோரு அடி சதுரத்தைத் தாங்கும் ஒரு நடுத்தூணுக்கு ஒரு தளத்தால் பதின்மூன்றரை டன், இரண்டு தளங்களால் 27 டன். மண் சதுர மீட்டருக்கு 15 டன் தாங்குமானால் தூணின் அடிப்பாதம் நாலரை அடிச் சதுரமாக இருந்தால் போதும். மண் 8 டன்தான் தாங்கும் என்றால் ஆறடிச் சதுரம் வேண்டும். வீடு ஒன்றே, தூண் ஒன்றே. மாறியது மண் மட்டும். இன்னொன்றையும் இந்தக் கணக்கிலேயே காணலாம். நல்ல மண்ணில் இரண்டு தளங்களுக்கென நாலரை அடியில் பாதம் போட்டவர், பத்தாண்டு கழித்து மகன் திருமணத்தையொட்டி மூன்றாம் தளம் எழுப்பினால் அந்தத் தூணின் பாரம் 40 டன்னை எட்டும். பாதமோ ஐந்தரை அடி கேட்கும். பாதம் மண்ணுக்குள் இருக்கிறது. அதைப் பார்த்தவர் எவரும் இப்போது உடன் இல்லை. ‘நல்ல கட்டடம் சார், இன்னும் இரண்டு மாடி தாங்கும்’ என்று சொல்லத்தான் ஆட்கள் இருக்கிறார்கள். மேல்தளத்திற்கான கடன் விண்ணப்பம் வரும்போதெல்லாம் பழைய கட்டுமான வரைபடத்தை நாங்கள் விடாமல் கேட்பது இதனால்தான். வாடிக்கையாளரை அலைக்கழிக்க அன்று.

ஒன்பது அங்குலத் தூண்

நம் நாட்டில் தூண் என்றாலே ஒன்பது அங்குலம் என்று ஆகிவிட்டது. ஒன்பது அங்குலச் சுவருக்குள் தூண் மறைந்துவிட வேண்டும். அறைக்குள் மூலை நீட்டிக்கொண்டு நின்றால் பீரோ வைக்க இடைஞ்சல். இந்தக் கைக்கணக்கின் பிறப்பிடம் உடலும் அன்று, பொருளும் அன்று, மண்ணும் அன்று, பீரோ.

2001 சனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலம் நடுங்கியபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாதிலும் பல்லடுக்குக் கட்டடங்கள் விழுந்தன. அவற்றில் பல, வாகனங்களை நிறுத்தத் தரைத்தளத்தைச் சுவரின்றி வெறும் தூண்கள்மேல் விட்டவை. நேர்கீழாக இறங்கும் பாரத்தைத் தாங்க அத்தூண்கள் போதும். அத்தனை ஆண்டுகள் தாங்கியும் வந்தன. பக்கவாட்டில் உலுக்கும் விசையைத் தாங்கத்தான் அவற்றிடம் எதுவும் இல்லை. மறு ஆண்டு, 2002இல், நிலநடுக்கத்துக்கான நெறிமுறை திருத்தப்பட்டபோது ஐந்து மண்டலங்கள் நான்காகச் சுருங்கின. சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. சென்னையின் நிலம் ஓரிரவில் மாறிவிடவில்லை. அதைப் பற்றிய நம் அறிவு மாறியது. அதற்கு முன்பு அங்கே கட்டிப் பழகிய கையின் கணக்கு மட்டும் மாறாமல் இருந்தது.

2016இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 13920 தூணின் சிறிய பக்கம் 300 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்கிறது. அது பன்னிரண்டு அங்குலம். ஒன்பது அங்குலம் 230 மில்லிமீட்டர். மூன்று அங்குல வேற்றுமைதான். ஆனால் உத்தரத்தின் கம்பி தூணுக்குள் நுழைந்து வளைந்து பிடித்துக்கொள்ள அந்த இடம் வேண்டும். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றி வரும் வளையத்தின் முனையும் அப்படியே: 90 பாகையில் மடிக்கும் வழக்கத்தை விட்டு, கான்கிரீட்டின் உள்நோக்கி 135 பாகைக்கு மடிக்க வேண்டும். வளையம் ஒன்றுக்குச் சில சென்டிமீட்டர் கம்பிதான் கூடுதல் செலவு. உலுக்கலில் மேல்பூச்சு உதிர்ந்தாலும் அந்த வளையம் அவிழாது. கம்பி கட்டும் நாளில் வீட்டுக்காரர் ஒரு முறை போய் அந்த மடிப்பைப் பார்த்தாலே போதும். பார்ப்பதற்குப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை.

மாடிமுகப்புத் தளத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். உள்ளே பன்னிரண்டடி அறைக்கு ஐந்தங்குலத் தளம் போதுகிறதே, வெளியே நாலடிதானே நீள்கிறது என்று அதே ஐந்தங்குலத்தைத் தொடர்ந்து ஊற்றிவிடுகிறார்கள். உள்தளம் சுற்றிலும் சுவரில் அமர்ந்திருக்கிறது. முகப்புத் தளத்துக்கு ஒரு பக்கம்தான் பிடிப்பு. மேலே சொன்ன இருபதில் ஒரு பங்கு, இங்கே நெறிமுறையின்படி ஏழில் ஒரு பங்காகிறது. நாலடிக்கு ஏழங்குலம் போல வரும். அதன் முதன்மைக் கம்பி மேற்பக்கம் இருக்கவேண்டும். கான்கிரீட் ஊற்றும் நாளில் கலவைச் சட்டியோடு நடப்பவர்கள் மிதித்து மிதித்து அந்தக் கம்பியை அடிக்கு இறக்கிவிடுகிறார்கள். கம்பி இருக்கிறது, காசும் கொடுத்தாயிற்று. இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் இல்லை.

தாத்தா கட்டிய வீடு

இவ்வளவும் சொன்னால், “எங்கள் தாத்தா எந்தப் பொறியாளரை வைத்துக் கட்டினார்? நூறு ஆண்டாக நிற்கிறதே” என்று கேட்பவர் ஒருவராவது இருப்பார். நியாயமான கேள்வி. அந்த வீட்டைக் கட்டியவர் அந்த ஊரைவிட்டு வெளியே கட்டியதில்லை. ஊர் மண்ணில், ஊர்ச் செங்கல்லில், ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவரில், தேக்கு விட்டங்கள்மேல் செங்கல் அடுக்கிய மச்சில் அவருடைய கணக்கு பிறந்தது. விழுந்த வீடுகளைக் கண்டு திருத்தப்பட்டது. விழுந்தவை இன்று நம் கண்முன் இல்லை. மேலும் மரவிட்டம் தளர்ந்தால் தொய்ந்து காட்டும், முனகும். ஆண்டுக்கணக்கில் எச்சரித்த பிறகே கைவிடும். கான்கிரீட்டின் வலிமை உள்ளே மறைந்த கம்பியில் இருக்கிறது. அது துருப்பிடிப்பதும் உள்ளேயே. தாத்தாவின் கை நல்ல கைதான். அது கான்கிரீட்டில் பழகிய கையன்று.

பொறியாளரைக் கேட்டால் கம்பியையும் சிமெண்டையும் கூட்டிக்கொண்டே போவார் என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. அத்தகையோர் எங்கள் தொழிலில் இல்லாமலில்லை. ஆனால் கணக்கு கூட்டுவதற்கு மட்டுமன்று, குறைப்பதற்கும் உதவும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையைப் பரப்பினார். ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல் ஏறத்தாழக் கால்பங்கு மிச்சம். வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். ‘எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்பதை ஒரு காரணமாக அவர் ஏற்காததால் கிடைத்த மிச்சம் அது.

வங்கியின் பங்கு

இனி, எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘வங்கியே பார்த்துக் கடன் கொடுத்துவிட்டது, அப்புறம் என்ன பயம்’ என்று வாடிக்கையாளர்கள் சொல்வதைக் கேட்கும்போது எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. கடைக்கால், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பணம் விடுவிக்கும் முன் வங்கியின் சார்பில் ஒருவர் வந்து பார்க்கிறார். கொடுத்த பணத்துக்கு வேலை நடந்திருக்கிறதா என்பதைத்தான் அவர் பார்க்கிறார். தூணுக்குள் கம்பி போதுமா என்பதற்கு அவர் சான்று தருவதில்லை. அவர் வரும்போது கம்பி கான்கிரீட்டுக்குள் மறைந்தும் போயிருக்கும். உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதல் முத்திரையும், சிறிய வீடுகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் மனையைச் சுற்றி விட்ட இடத்தையும் உயரத்தையும் பற்றியதே. இரண்டு முத்திரைகளுக்கும் நடுவே, வீட்டைத் தாங்கும் எலும்புக்கூட்டை எவரும் பார்க்காமலேயே ஒரு வீடு எழும்பிவிட முடிகிறது.

எங்கள் மதிப்பீடும் சதுர அடிக்கு இவ்வளவு என்னும் கைக்கணக்கில்தான் தொடங்குகிறது. கடன் தொகையை முடிவுசெய்ய அது போதும். ஆனால் முதல் தவணை விடுவிக்கும் முன், மண் சோதனைக் குறிப்பும், பொறியாளர் கையொப்பமிட்ட கட்டுமான வரைபடமும் ஒவ்வொரு தனிவீட்டுக் கடனுக்கும் கேட்கப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து. இதனால் ஓரிரு வாரம் தாமதமாகும் என்பதும், சிறிது செலவு கூடும் என்பதும் உண்மை. இருபது ஆண்டுகள் தவணை கட்டப்போகும் வீட்டுக்கு அந்த இரண்டு வாரத்தை வங்கியும் வாடிக்கையாளரும் பொறுத்துக்கொள்ளலாம். கடன் முடியும்முன் வீடு வெடித்தால் தவணை நின்றுவிடாது. அடைமானத்தின் மதிப்புதான் குறையும். ஆகவே இது வங்கியின் நலனும்கூட.

அந்தக் கணவனும் மனைவியும் ஆறு வாரம் கழித்து வந்தார்கள். வரவேற்பறை போய்விட்டது; நடைபாதை பாதியாகியிருந்தது; மாடிப்படி 7க்கு 13 ஆகியிருந்தது. மொத்தம் 1,040 சதுர அடி. எங்கள் 950ஐ விட 90 கூடுதல். தாயாருக்கு வெயில் காயக் கிழக்கே ஒரு திண்ணை என்றார்கள். கட்டுமான வரைபடமும் கையில் இருந்தது. அதனை அவர்கள் மேஸ்திரியிடம் காட்டியிருக்கிறார்கள். அதில் இருந்த எட்டு உத்தரங்களில் ஏழு, அவர் முதல் நாளே வாயால் சொன்ன அளவிலேயே இருந்ததில் அவருக்குப் பெருமை தாங்கவில்லையாம். எட்டாவது, பதினாறடிக் கூடத்தின் குறுக்கே ஓடி மேல்மாடிச் சுவரைத் தாங்குவது. அவர் சொன்னது பதினாறு அங்குலம். வரைபடத்தில் 21 என்று இருந்தது. சிறிது நேரம் பார்த்துவிட்டு, அந்த ஓர் உத்தரத்திற்கு மட்டும் சென்டரிங் பலகையை மாற்றி அறுக்கச் சொல்லியிருக்கிறார்.